மஃரிபுக்குப் பிறகு போன் இல்லை

2022 நவம்பர் 8

புருஷன் கடலில் கிடக்கும்போது எவளுக்குத் தூக்கம் வரும்? மாலை முழுக்கப் போனில் புயல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாங்கள் குடியிருக்கும் வியட்நாமில், வுங் டாவுக்கு அப்பால் கடலில் ஒரு சிவப்பு வட்டம் நகர்கிறது. மச்சான் என்று நான் கூப்பிடும் என் புருஷன் வேலை செய்யும் எண்ணெய்க் கிணற்று மேடை அதற்கு உள்ளேயா, வெளியேயா? திரும்பத் திரும்ப வீடியோவில் கூப்பிட்டேன். ஒவ்வொரு தடவையும் எடுத்தார்.

நவம்பர் 10

மச்சான் கிரேன் ஓட்டும்போது கண்ணயர்ந்துவிட்டாராம். தொங்கிய இரும்புக் குழாய்கள் கைப்பிடிக் கம்பியில் மோதியிருக்கின்றன. பக்கத்தில் நின்றவன் மயிரிழையில் தப்பினான். அல்லாஹ்!

"ஏன் மச்சான் தூங்கல?"

"நீ எப்பக் கூப்புடுவியோன்னு முழிச்சே கெடக்குறேன் பரிதா. எடுக்கலேன்னா அழுவியே."

என்னாலயா? நான்தானா?

நவம்பர் 11

முடிவு செய்துவிட்டோம். அந்தியில் மஃரிபு தொழுதபின் அங்கேயும் போன் இல்லை, இங்கேயும் இல்லை. காலையில் மட்டும் பேச்சு. என்னை நான் நம்பவில்லை. கீழ்வீட்டுத் தமிழ்க்காரி மாரி-ரோஸிடம் இரவில் போனைக் கொடுத்துவைத்தேன்.

"ஏதாவது அவசரம்னா மேல வந்து சொல்றேன். வரலேன்னா அவர் நல்லா இருக்கார்னு நெனச்சுக்கோ" என்றாள்.

நவம்பர் 12

கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. மகள் சபீகா தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு, கூழாங்கல் பரப்பி, ஓ ஆன் குவான் என்ற இந்த ஊர் விளையாட்டை ஆடக் கூப்பிட்டாள். நம் பல்லாங்குழி மாதிரிதான். "உம்மா, ஒங்க மொறை! எங்க பாக்குறீங்க?"

கதவைத்தான் பார்த்தேன்.

நவம்பர் 14

பெரிய விளக்கை அணைத்துவிட்டு மகளுக்கு எண்ணெய் தேய்த்தேன். அவள் வியட்நாமியக் கதை வாசித்தாள். பாதியில் எனக்குக் கொட்டாவி வந்தது. தூக்கம் துண்டு துண்டாக. ஆனாலும் தூக்கம்.

நவம்பர் 17

புயல். சந்தில் முழங்கால் தண்ணீர், ஜன்னல் படபடக்கிறது. கல்லை எடுத்தால் எந்தக் கட்டத்தில் போடுவது என்றே தெரியவில்லை. இரவு இஷா தொழுகைக்கு முன் படியில் காலடிச் சத்தம். மாரி-ரோஸ். சபீகாதான் கதவைத் திறந்தாள்.

"பயப்படாதே! செய்தி அனுப்பியிருக்கார். கிரேனை நிறுத்திட்டாங்களாம். 'நான் தூங்கப் போறேன், நீயும் தூங்கு'ன்னு."

அழுதேன். சபீகா பயந்துவிட்டாள்.

நவம்பர் 18

விடிகாலையில் சுபுஹு தொழுதுவிட்டுச் சாய்ந்தவள் அப்படியே தூங்கிவிட்டேன். மச்சான் கூப்பிட்டபோது சபீகாதான் கீழே போய்ப் பேசினாளாம்.

"உம்மா தூங்குறாங்க வாப்பா. எழுப்பவா?"

"வேணாம்மா, தூங்கட்டும். நீ ஸ்கூலுக்குக் கெளம்பு" என்றாராம்.