ஜீப் திரும்பும் நேரத்துக்கு ஓர் அலுவலகம்

அனுப்புநர்:
சு. இருளம்மாள், க/பெ. சுருளியாண்டி,
ஏலத்தோட்டக் கூலித் தொழிலாளி,
மற்றும் கிழக்குத் தெருப் பெண்கள்,
காமயகவுண்டன்பட்டி, தேனி மாவட்டம்.

பெறுநர்:
மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் அவர்கள்,
மேலச்சுருளி தொகுதி.

பொருள்: தங்கள் அலுவலக உதவியாளர் திருமதி முனீஸ்வரியை வேலையிலிருந்து நிறுத்தியதை ரத்து செய்து, மாலை நேரப் பணியை அவருக்கே திரும்ப வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. நாங்கள் விடியுமுன் ஜீப் ஏறி, கேரள மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போகிறவர்கள். வீடு திரும்ப விளக்கு வைக்கும் நேரமாகிவிடும். தங்கள் அலுவலகமோ காலை பத்துக்குத் திறந்து மாலை ஐந்துக்கு மூடும். தங்களுக்கு ஓட்டுப் போட்ட நாங்கள் நெடுநாள் அதன் பூட்டைத்தான் பார்த்திருந்தோம்.

2. சென்ற ஆண்டு முனீஸ்வரியின் தாயார் படுத்த படுக்கையானார். பகலில் அவரைக் கவனித்துவிட்டு, மாலை நான்கு முதல் எட்டு வரை வேலை பார்ப்பதாக முனீஸ்வரி தங்களிடம் கேட்டார். "சனங்க வர்ற நேரத்துக்கு ஆபீஸ் தொறந்திருந்தாச் சரிதாம்மா" என்று தாங்களே சொன்னீர்கள். அன்றிலிருந்து ஜீப் இறங்கிய கையோடு அங்கே போனோம். முன்பு எங்கள் தெருக் குழாயில் காலை ஒன்பது மணிக்குத் தண்ணீர் விட்டார்கள். பிடிக்க வீட்டில் ஆள் இல்லை. முனீஸ்வரி எழுதித் தாங்கள் கையெழுத்திட்ட கடிதத்தால்தான் இப்போது மாலையில் தண்ணீர் வருகிறது.

3. புதிதாக வந்துள்ள அலுவலக மேலாளர் திரு. வினோத்ராஜ், முகம் பார்த்து வருகை பதியும் கருவி ஒன்றை வாசலில் மாட்டியிருக்கிறார். காலை பத்து மணிக்கு முனீஸ்வரியின் முகம் அதில் விழவில்லையாம். ஆப்சென்ட் மேல் ஆப்சென்ட் போட்டு, வேலையை விட்டே நிறுத்திவிட்டார். இது என்ன நியாயம் ஐயா? மேலாளரோ மதியம் சாப்பிடப் போனால் வெயில் தாழ்ந்துதான் திரும்புகிறார். காலையில் முகத்தைக் காட்டிவிட்டதால் அவர் மட்டும் ஒழுங்கானவர்!

4. மழையால் ஜீப் ஓடாத ஒரு நாள் போய், இனி மாலையில் நாங்கள் யாரிடம் வருவது என்று மேலாளரிடம் கேட்டோம். "ஒரு நாள் லீவு போட்டுட்டு வந்து பாருங்க" என்றார். எங்களுடன் வந்த சங்கிலியம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "லீவாம்ல லீவு! எங்க எடத்துல வேற ஆள ஏத்திட்டாகன்னா, இவக வந்து எங்க அடுப்பப் பத்த வைப்பாகளா?" என்று கேட்டுவிட்டார். மரியாதை தெரியாதவர்கள் என்று எங்களை வெளியே போகச் சொன்னார் மேலாளர். எங்களுக்கு வயிறு எரிகிறது.

5. ஐயா, ஓட்டுக் கேட்டுத் தாங்கள் எங்கள் தெருவுக்கு வந்தது பொழுது சாய்ந்த பிறகுதான். பகலில் நாங்கள் இருக்க மாட்டோம் என்று அன்று தங்களுக்குத் தெரிந்திருந்தது.

பெற்ற தாயையும் பார்த்து எங்களையும் பார்த்த ஒரு பெண்ணின் பிழைப்பில் மண் விழுந்திருக்கிறது. அவரை அதே மாலை நேரத்தில் உடனே பணியமர்த்தவும், அன்று வாயால் சொன்னதை ஆணையாக எழுதி வாசலில் ஒட்டவும் வேண்டுகிறோம்.

இடம்: காமயகவுண்டன்பட்டி
நாள்: 14.11.2025

இப்படிக்கு,
தங்கள் வார்த்தையை நம்பியிருக்கும்,
சு. இருளம்மாள்
(மற்றவர்கள் கையொப்பமும் கைநாட்டும் பின்பக்கம்)

குறிப்பு: இதைக் கையில் கொடுக்கத்தான் ஜீப் இறங்கியதும் வந்தோம். கதவு பூட்டியிருந்ததால் அடியில் தள்ளியிருக்கிறோம். வரும் திங்கட்கிழமை எங்கள் தெருவில் ஒருவரும் ஜீப் ஏறப் போவதில்லை. காலை பத்து மணிக்கு அங்கே இருப்போம். கருவிக்கு முகம்தானே வேண்டும்? ஒவ்வொருவராக நின்று காட்டுகிறோம்.