மாவு யானையின் தும்பிக்கை

நாள் 41. காலை 8:10

நிலவு, கீழ்த்தளம், பாலர் கூடம். குழந்தைகள் பதினொன்று. காற்று சரி. தண்ணீர் சரி. அகரன் என் காதைக் கடித்தான். காதும் சரி.

ஆயா பவுன்தாயி தினமும் குறிப்பு எழுத வேண்டுமாம். வாயால் சொன்னால் இயந்திரமே எழுதிக்கொள்ளும் என்றார் மேலாளர் இமையவன். மூன்றாம் வகுப்பு வரை படித்ததை எதற்கு வீணாக்குவது? பென்சிலால்தான் எழுதுவேன். இதை எடுத்துப் படிக்கும் மகராசரே, பிழையைப் பார்த்துச் சிரிக்குமுன் யோசியும். உமக்கும் காது இருக்கிறது. அகரனை ஏவி விடுவேன்.

இங்கே எல்லாம் குரலுக்குத் திறக்கும், குரலுக்கு மூடும். இங்கேயே பிறந்த பிள்ளைகளின் விரல்கள் வெந்த சேமியா. நாலு வயதாகியும் ஒரு பொத்தான் போட வராது. சமையலறையில் சப்பாத்தி மாவு வாங்கி, பீட்ரூட் தூள் கலந்து கொடுத்தேன். பிசை, உருட்டு, கிள்ளு. காகிதத்தைக் கிழித்து ஒட்டு. மணி கோர்.

ஒரு மாதமாயிற்று. இன்று யாழிசை யானைக்குத் தும்பிக்கை வைத்தாள். நாலு முறை விழுந்தது, ஐந்தாம் முறை நின்றது. பிறகு தன் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டு, ஓட்டு கேட்டு வருகிறவள் மாதிரி ஒவ்வொருவரிடமும் போய்க் காட்டினாள்.

என் விரல் எட்டு வயதில் தீப்பெட்டி ஒட்டிப் பழகியது. இதுகளாவது விளையாடிப் பழகட்டும்.

நாள் 58. பகல் 11:30

மேலாளரிடமிருந்து அழைப்பு. அப்படியே எழுதுகிறேன்.

"ஆயா, உங்க மாவும் காகிதமும் காற்று வடிகட்டியில போய் அடைக்குது. எல்லாத்தையும் அள்ளச் சொல்லியிருக்கேன். படம் வரையணும்னா பிள்ளைங்க கண்ணாடிப் பலகையில விரலைத் தேய்க்கட்டும்."

"தேய்க்க விரல் எதுக்கு சார்? மூக்கே போதுமே."

"வேடிக்கை வேணாம். நானும் இங்க பிறந்தவன்தான். முப்பத்தெட்டு வருசமா ஒரு பொத்தான் போட்டதில்ல. வாழலையா?"

வண்டி வந்தது. மாவு, மணி, தூரிகை, முனை மழுங்கிய கத்தரிக்கோல், எல்லாம் போயிற்று. யாழிசையின் யானையும்.

நாள் 190. மாலை 4:25

விளையாட்டு அறைச் சுவரில் விரிசல். காற்று போய்விட்டது.

மேலாளர்களின் காற்று முகமூடி தானாகப் பூட்டிக்கொள்ளும். பிள்ளைகளுக்கு மலிவான வகை. கழுத்தடியில் ஒரு கிளிப்பு. இரண்டு விரலால் அழுத்திக் கிள்ளினால்தான் பூட்டும்.

ஏழு பேருக்கு நான் பூட்டினேன். மூன்று பேர் எப்படியோ பூட்டிக்கொண்டார்கள்.

யாழிசையிடம் போய்ச் சேர்ந்தபோது அவள் விரல் கிளிப்பின் மேல் இருந்தது. கிள்ளவில்லை. கண்ணாடிப் பலகையைத் தேய்க்கிற மாதிரி, கடைசிவரை தேய்த்திருக்கிறாள்.

நாள் 193. காலை 10:00

மேலாளரின் அறிக்கை வந்தது. காரணம்: ஆயாவின் கவனக்குறைவு. அடுத்த கப்பலில் வேறு ஆயா வருவாராம், அதே கப்பலில் என்னை அனுப்புவார்களாம். அதுவரை வேலை பார்க்கலாமாம்.

சிரித்தேன். சாருக்கு அப்பாடா என்று இருந்திருக்கும்.

மறுபடியும் மாவு பிசைகிறோம். போர்வைக்கு அடியில். அகரன் நன்றாகக் கிள்ளுகிறான்.

நாள் 301. காலை 9:05

கப்பல் நாளைக் காலை. வருகிறவர்களுக்குக் காட்ட வேண்டுமே என்று, விரிசலை அடைத்து மூடி வைத்திருந்த விளையாட்டு அறையைப் பார்க்க மேலாளர் வந்தார். உள்ளே போனார். நான் வெளியே இருக்கும் அவசரக் கைத் தாழ்ப்பாளைத் திருப்பினேன்.

குரல் கேட்டுக் கதவைத் திறக்கும் பெட்டியின் கம்பியை நேற்றே நகத்தால் கழற்றிவிட்டேன். காற்றுக் குழாயும் மூடியாயிற்று. அறையில் இருக்கிற காற்று மாலை ஆறு வரை வரும். சுரங்க வேலைக்குப் போன மற்றப் பெரியவர்கள் ஆறரைக்குத்தான் திரும்புவார்கள்.

கொலை என்று யாரும் சொல்லக் கூடாது. யாழிசை போட வேண்டிய முகமூடியையே கொக்கியில் மாட்டி வைத்திருக்கிறேன். வாரை இழுத்துவிட்டால் பெரியவருக்கும் பொருந்தும்.

காலை 9:20

சுவர் ஒலிபெருக்கியில் மேலாளர் குரல். "ஆயா, கதவு திறக்க மாட்டேங்குது."

"கொக்கியில முகமூடி தொங்குது பாருங்க சார். ஒரு நாளைக்குக் காற்று இருக்கு. கிளிப்பைக் கிள்ளினாப் போதும். நாலு வயசுப் பிள்ளைக்குப் போதும்னு நீங்களே வாங்கினதுதானே?"

பகல் 12:40

மூன்று மணி நேரம் கிளிப்போடு மல்லுக்கு நின்றார். விரல் வழுக்குகிறது.

"பவுன்தாயி, அறிக்கையை மாத்தி எழுதுறேன். தப்பு என்னோடதுதான். இப்பவே பதிவு பண்ணிக்கங்க."

"வாய் நல்லாத்தான் வேலை செய்யுது சார். விரலுக்குத்தான் பழக்கம் பத்தல. மூலையில டப்பாவுல மாவு வச்சிருக்கேன். ஒரு யானை பண்ணுங்க. தும்பிக்கை நின்னா கதவைத் திறக்கிறேன். அழாம உருட்டணும் ராசா."

மாலை 3:50

பிள்ளைகள் ஜன்னல் கண்ணாடியில் மூக்கை ஒட்டி நிற்கிறார்கள். விளையாட்டு என்று நினைப்பு. தும்பிக்கை ஒன்பது முறை விழுந்தது. அகரன் என்னிடமிருந்து ஒலிவாங்கியைப் பிடுங்கினான்.

"அப்படி அமுக்காதீங்க சார்! எச்சி தொட்டு, மெதுவா கிள்ளி ஒட்டுங்க!"

மாலை 5:35

நின்றுவிட்டது. இரண்டு கையாலும் ஏந்தி ஜன்னலுக்குக் கொண்டுவந்தார். உதடு நீலம்.

"அக்கா... நிக்குது... பாருங்கக்கா."

பிள்ளைகள் கை தட்டினார்கள். நல்ல யானைதான். பொய் சொல்ல மாட்டேன்.

நான் திறக்கவில்லை. யாழிசையின் யானையும்தான் நின்றது.

மாலை 5:47

முகமூடியைப் போட்டுக்கொண்டு கிளிப்பைத் தேடுகிறார். ஒரு முறை கிள்ளினார். பாதி மாட்டியது. கழன்றது. உட்கார்ந்துவிட்டார்.

பிள்ளைகள் கை தட்டுவதை நிறுத்திவிட்டார்கள்.

மாலை 5:52

அகரன் தாழ்ப்பாளிடம் போய்விட்டான்.

"அத்தை, யானை நின்னுச்சுல்ல? திறக்கிறேன்னு சொன்னீங்கல்ல?"

கிள்ளித் திருப்புகிற தாழ்ப்பாள். பெருவிரல், ஆள்காட்டி விரல். சரியான பிடி. நான் சொல்லிக்கொடுத்த பிடி.

மாலை 5:56

இடது கையால் எழுதுகிறேன். கோணலாக இருந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், காதை ஒன்றும் செய்ய மாட்டேன். வலது கை தாழ்ப்பாளில், அவன் கை மேல். நோகாமல்தான் பிடித்திருக்கிறேன். அழுகிறான். விடாமல் திருப்புகிறான். நாலரை வயதுக்கு நல்ல வலு. யாழிசைக்கு இதில் பாதி இருந்திருந்தால்

5:58

கடிக்கிறான். காது இல்லை, கை. கடிக்கட்டும்

எட்டு வயதிலிருந்து தீப்பெட்டி ஒட்டிய விரல். இவனுடையதைவிட இன்னும் பலம்