உன் குழாயில் இன்னொருவர் குரல்

மாப்பிள்ளை,

ஈரத்துண்டு காயப்போடுவாயே, அந்த ஒலிபெருக்கிக் குழாயை நேற்றும் பார்த்தேன். சிங்காநல்லூரில் ஒரு பழைய மில் கிடங்குக்கு வெள்ளையடித்து, ஊரின் விசித்திர மனிதர்களைப் பற்றிக் கண்காட்சி வைத்திருக்கிறார்கள். குளத்துக் கொக்குகளுக்குச் செய்தித்தாள் வாசித்தவர் ஒரு மூலையில். ஆட்டோவில் மைக் கட்டி, சாவும் காணாமல்போன ஆடும் அறிவித்த நீ நடுவில். எனக்கு இடமில்லை. உயிரோடிருப்பது ஒன்றுதான் என் குறை போலிருக்கிறது.

உன் குழாய்க்குக் கீழே 'தொடாதீர்கள்' என்று பலகை. பக்கத்துப் பொத்தானை அழுத்தினால் பேசுகிறது: "நம்ம ஆறுச்சாமி தவறிட்டாருங்க. நல்ல மனுசருங்க. எனக்கும் அவருக்கும் ஆகாதுங்க. இருந்தாலும் எல்லாரும் வந்துபோடுங்க."

வார்த்தை உன்னுடையது. குரல் உன்னுடையதல்ல. தெருவே கேட்ட குரலை யார் பதிவு செய்து வைத்தார்கள்? நான் சொல்லச் சொல்லக் காட்சி வைத்த பெண் எழுதிக்கொண்டாள்; யாரோ ஒரு நாடக நடிகர் பேசிவிட்டார். தேன் தடவிய குரல். உன்னுடையதைத் தகரத்தில் ஆணி இழுத்த சத்தம் என்று கேலி செய்வேனே!

"இது அவன் குரல் இல்லீங்க அம்மணி" என்றேன் முதல் நாளே.

"வர்றவங்களுக்குத் தெரியாதுங்க சார்" என்றாள்.

உன் வீட்டுக்காரி வந்து ஒரு சத்தம் போட்டால் அந்தக் குரலை எடுத்துவிடுவார்கள் என்று தங்கச்சியை அழைத்துப் போனேன். வண்டியிலேயே அவளைச் சண்டைக்குத் தயார் செய்திருந்தேன். பொத்தானை அழுத்தினாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் அழுத்தினாள்.

"அவரேதானுங்ணா. கரகரப்பு மட்டும் போயிருச்சு. கசாயம் குடிங்க, குடிங்கன்னு எத்தன தடவ சொன்னேன்! இப்பத்தான் கேட்டிருக்காரு."

ஊர்வம்பு அத்தனையும் பேசும் என் வாயாலேயே "ஆமாங்கம்மணி, நல்லாயிருச்சு" என்றேன். அதிலிருந்து ஞாயிறுதோறும் அவளைக் கூட்டிப்போகிறேன். அவள் கேட்கிறாள். பக்கத்தில் நின்று நானும் கேட்டுத் தொலைக்கிறேன்.

இன்று காலை டீக்கடையில் நீ என்னைத் திட்டுவது ஞாபகம் வந்தது. "ஏன்டா மாப்ள, உன்ற வாயில பாதியாவது மூளை இருக்கக் கூடாதா?" ஒரு சொல் குறையாமல் வந்தது. தேன் தடவி வந்தது. எவ்வளவு முயன்றும் உன் குரலில் வரவில்லை.

வீட்டுக்கு வந்து, கொல்லையில் கிடந்த தகரத்தில் ஆணியை இழுத்துப் பார்த்தேன். பக்கத்து வீட்டு நாய் எழுந்து ஓடியது.

அதுவும் நீ இல்லை. ஆணி இன்னும் சட்டைப்பையில் கிடக்கிறது.