பச்சை வண்டியின் ஆக்சில்

நவம்பர் 3, 1973. சனி.

விடியும்போது தூறல், பிறகு வெயில். வண்டி போச்சு.

ஆலந்தலையிலிருந்து திரும்பும் வழியில், உப்பளத்துப் பக்கம், ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும்போது காரின் பின்னால் 'டக்'கென்று சத்தம். அவ்வளவுதான். எஞ்சின் ஓடுகிறது, கியர் விழுகிறது, வண்டி மட்டும் நகர மாட்டேன் என்கிறது. புதுத் துறைமுக வேலைக்குப் போகும் லாரி ஒன்று கயிறு கட்டி வீடு வரை இழுத்து வந்தது. "பொம்பள ஓட்டுனா இப்படித்தான்ல" என்று டிரைவர் கிளீனரிடம் சொன்னது கேட்டது. கயிறு அவனுடையது. வாயை மூடிக்கொண்டேன்.

வாசலில் அம்மா. முட்டி இரண்டும் மடங்காது. நாற்காலியில் இருந்தபடியே ஊரை ஆளுவாள். "ஊரு மேஞ்சிட்டு வந்தாச்சா, மகாராணி?"

வாரம் முழுக்கப் பள்ளிக்கூடம், கணக்கு நோட்டு, அம்மா. சனிக்கிழமை காலை மட்டும் எனக்கு. ஆலந்தலைக் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டுப் போவேன். கோயில் வாசலில் ஒரு சிலுவை போட்டுக்கொண்டு, கடலைப் பார்த்து வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டு, வறுத்த கடலை தின்பேன். பேச ஆள் கிடையாது. அதுதான் வேண்டும்.

நவம்பர் 4. ஞாயிறு.

பூசை இல்லை. அம்மாவால் பஸ்ஸில் ஏற முடியாது, ரிக்‌ஷாவில் ஏற மாட்டாள். "பொணத்தத் தூக்குத மாதிரி நாலு பேரு தூக்கி வைக்கவா?" நான் மட்டும் போனால் அதற்கு ஒரு வாரம் பேச்சு. இரண்டு பேரும் வீட்டில்.

மத்தியானம் மெக்கானிக் செல்லையா அண்ணாச்சி வந்தார். ஜாக்கி வைத்துத் தூக்கி, பின் சக்கரத்தைக் கழற்றி, டிரம்மை எடுத்து, உள்ளேயிருந்து நீள இரும்பு ஒன்றை உருவினார். ஆக்சில். எஞ்சின் சுற்றுவதைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது இதுதான். நுனி முறிந்து உள்ளே மாட்டியிருந்தது. எதிர்ப்பக்கத்தையும் கழற்றி, கம்பியை விட்டுக் குத்தித் தள்ளி எடுத்தோம். விரல் நீளம்கூட இல்லை. இதற்குத்தான் இவ்வளவு பாடு.

"எந்த வருசத்து வண்டி டீச்சர்?"

சேவியர் அண்ணன் சின்னப் பையனாகக் கோயிலில் புதுநன்மை வாங்கிய வருசம் அப்பா கொழும்பிலிருந்து தோணியில் ஏற்றி வந்தது. வீட்டில் எல்லாருக்கும் அதுதான் கணக்கு. அந்த வருசத்தைச் சொன்னேன். மதுரைக் கடைக்கு எழுதிப் போடுகிறாராம்.

நவம்பர் 6. செவ்வாய்.

மழை. பள்ளி ஆபீசுக்கு அண்ணனிடமிருந்து டிரங்க் கால், மெட்ராசிலிருந்து. வண்டி உடைந்தது அவனுக்கு எப்படித் தெரியும்? அம்மா பக்கத்து வீட்டுக்காரரை விட்டுத் தந்தி அடித்திருக்கிறாள். மகனுக்கென்றால் தந்தி!

"ஏளா ரோஸ்லின், ஒடஞ்ச வண்டிய வீட்டுல போட்டு என்னத்துக்கு? பதினேழாந்தேதி நானும் மதினியும் வாரோம். ஓடுச்சுன்னா இருந்துட்டுப் போகுது. ஓடலன்னா எடைக்குப் போட்டுருவேன்."

வீடும் வண்டியும் அப்பாவுக்குப் பின் அவன் பேரில். ஓட்டுவது, துடைப்பது, எண்ணெய் ஊற்றுவது எல்லாம் நான். பதினேழுக்குள் ஆக்சில் கிடைக்க வேண்டும். இல்லையென்றால் சனிக்கிழமையும் போச்சு. அதற்கப்புறம் இந்த வீட்டில் எப்படி இருப்பேன் என்று தெரியவில்லை.

வாங்க: மண்ணெண்ணெய், அம்மாவுக்குத் தைலம், சிவப்பு மை.

நவம்பர் 9. வெள்ளி.

மதுரையிலிருந்து பார்சல். பளபளவென்று புது ஆக்சில். செல்லையா அண்ணாச்சி உள்ளே விட்டார், திருகினார், தட்டினார், எடுத்தார். மறுபடி விட்டார். நீளம் சரி. நுனியில் உள்ள பல்தான் பொடிப்பல். நம் வண்டிக்கு முரட்டுப் பல். சேராது.

"நீங்க சொன்ன வருசத்துக்கு இதுதான் டீச்சர். எப்படிச் சேராமப் போவுது?"

குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா: "அது வாங்கும்போதே பழசுல்லா! கொழும்புல எந்த வெள்ளக்காரனோ ஓட்டித் தேச்சத வாங்கிட்டு வந்தாவ. உங்கப்பாவுக்கு எதத்தான் புதுசா வாங்கத் தெரியும்?"

"ஏம்மா, இத மொதல்லயே சொன்னா என்ன?"

"எங்கிட்ட யாருளா கேட்டா?"

தலையில் அடித்துக்கொண்டேன். தோணி கரை சேர்ந்த வருசத்தையே வண்டி பிறந்த வருசம் என்று இத்தனை காலமும் சொல்லி வந்திருக்கிறோம். நான் கணக்கு டீச்சர் வேறு. அதற்கும் முந்தின மாடலுக்கு இங்கே எந்தக் கடையிலும் ஆக்சில் கிடையாதாம்.

நவம்பர் 10. சனி.

நல்ல வெயில். போக இடமில்லை.

அம்மா இன்று சொன்ன குறைகள்: குழம்பில் புளி கூட. கொடியில் துணி கோணல். நான் செருப்பைத் தேய்த்து நடக்கிறேன். நான் மூச்சு விடுவது ரேழி வரை கேட்கிறது.

கொட்டகையில் நிற்கும் வண்டிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். "ஏளா, எங்கன போய்த் தொலஞ்ச?" அங்கேயும் கேட்டது. கோபம்தான், ஆனால் அழுகையாக வந்தது. முகம் கழுவிக்கொண்டு உள்ளே போனேன்.

நவம்பர் 12. திங்கள்.

மத்தியானச் சாப்பாட்டின்போது ஜெயா டீச்சரிடம் புலம்பினேன். அவளுக்குச் சாத்தான்குளம் பக்கம்.

"எங்க ஊரு ஸ்கூல்ல ஒரு மிஷனரி ஐயா வண்டி ரொம்ப நாளாக் கெடந்துச்சு. உங்க பச்ச வண்டி மாதிரியேதான் இருக்கும். இப்ப வண்டி இல்ல. அதுல உள்ள ஒரு கம்பிதான் ஸ்கூலுக்கு மணி. மரத்துல தொங்குது."

"என்ன கம்பி?"

"நீளமா. ஒரு பக்கம் தட்டு, ஒரு பக்கம் பல்லு."

கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்துவிட்டேன்.

நவம்பர் 14. புதன்.

குழந்தைகள் தினம். எங்களுக்கு அரைநாள். உடைந்த ஆக்சிலைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு சாத்தான்குளம் பஸ். கண்டக்டர்: "என்னக்கா, துப்பாக்கியா?" "ஆமா, மிச்சக் காசு தராதவங்களச் சுடுததுக்கு." உடனே தந்துவிட்டான்.

பள்ளிக்கூட வேப்பமரத்தில் தொங்கியது. என்னுடையதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தட்டு அதே. முறிந்த நுனியைச் சேர்த்து வைத்தால் நீளம் அதே. பல்லும் முரட்டுப் பல். மேலே கொஞ்சம் துரு.

"மணிய எடுத்துட்டா பிள்ளைகள எப்படி வீட்டுக்கு அனுப்ப?" என்றார் எட்மாஸ்டர்.

"இதத் தொங்க விடுங்க சார். இதுவும் அதே இரும்புதான்."

உடைந்ததைக் கட்டி ஒரு அடி அடித்துப் பார்த்தோம். கொஞ்சம் கீச்சுக்குரல். ஆனால் உள்ளே பேச்சுப் போட்டி நடந்துகொண்டிருந்தது, பிள்ளைகள் அத்தனை பேரும் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடி வந்துவிட்டார்கள். எட்மாஸ்டருக்குச் சிரிப்பு. "மணி நல்லாத்தான் இருக்கு. கொண்டு போங்கம்மா" என்றார்.

நவம்பர் 16. வெள்ளி.

மாட்டியாச்சு! நானே உள்ளே விட்டேன். "கையெல்லாம் கிரீசாகும் டீச்சர்." ஆகட்டும். கொஞ்சம் திருகியதும் பல்லில் பல் விழுந்து உட்கார்ந்தது. தட்டு, டிரம், சக்கரம், நட்டு. கியர் போட்டேன். நகர்ந்தது.

பீச் ரோடு வரை போய் வந்தேன். தனியாகச் சத்தம் போட்டுச் சிரித்தேன். வரட்டும் அண்ணன்.

நவம்பர் 17. சனி.

வந்தான். ஓட்டிப் பார்த்தான்.

"நல்லா ஓடுதே! நான் என்னமோன்னுல்லா நெனச்சேன். அங்க பிள்ளைகள வச்சுக்கிட்டு மதினி பஸ்ஸுல கஷ்டப்படுதா. திங்கக்கெழம நாங்க இதுலயே மெட்ராஸ் போயிருதோம்."

"ஓடுச்சுன்னா இருக்கட்டும்னு சொன்னியே?"

"ஒனக்கு எதுக்குளா வண்டி? ஸ்கூலு நாலு தெரு தள்ளித்தான இருக்கு."

அம்மா இறால் உரித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. மகன் சொன்னால் அவளுக்கு வேதம். உடைந்து கிடந்திருந்தால் இரும்புக்கடைக்குப் போயிருக்கும். சரி செய்தேன், மெட்ராசுக்குப் போகிறது. என்ன செய்தாலும் எனக்கு இல்லை.

நவம்பர் 18. ஞாயிறு.

பூசைக்கு எல்லாரும் வண்டியில். அண்ணன் ஓட்டினான். நான் பின்னால், மதினியின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு.

மத்தியானம் இறால் சோறு தின்றுவிட்டு அண்ணனும் மதினியும் தூங்கினார்கள். நான் கொட்டகைக்குப் போனேன். ஜாக்கி. சக்கரம். டிரம். ஆக்சிலை உருவி எடுத்தேன். ஓட்டையில் துணியை அடைத்து, டிரம்மையும் சக்கரத்தையும் பழையபடி மாட்டி, சக்கர மூடியைத் தட்டி வைத்தேன். வெளியே பார்த்தால் தெரியாது. ஆக்சில் இப்போது பழைய சேலையில் சுற்றி என் கட்டிலுக்கு அடியில்.

குசினி வாசலில் அம்மா ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். ஸ்பேனர் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் குரலும் கூடியது. தூங்குகிறவர்களை எழுப்பிவிடப் போகிறாளே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஓடாவிட்டாலும் பரவாயில்லை. இங்கேயே கிடக்கட்டும். எடைக்குப் போட்டுவிடுவானோ என்றுதான் பயமாக இருக்கிறது.

நவம்பர் 19. திங்கள்.

மழை. பெட்டிகளை ஏற்றினார்கள். எஞ்சின் உறுமியது. வண்டி அசையவில்லை. அண்ணன் கியரை மாற்றி மாற்றிப் போட்டான். "சனியன்! நேத்துக்கூட நல்லாத்தான ஓடுச்சு?" இறங்கி டயரை உதைத்தான். "செல்லையாவக் கூப்பிடு."

அண்ணாச்சி சக்கரத்தைக் கழற்றினால் தெரிந்துவிடும்.

"அவன் எங்க இருக்கான்?" என்றாள் அம்மா. "புதுக்கோட்டைக்கு மாமியா வீட்டுக்குப் போயிருக்கான். வர நாலு நாளாகும்."

காலையில் பால் வாங்கப் போகும்போது செல்லையா அண்ணாச்சியைத் தெருமுனையில் பார்த்தேன். வந்ததும் அம்மாவிடமும் சொல்லியிருந்தேன்.

"அப்ப எடைக்குப் போட்டுருதேன்மா."

"நான் செத்த பொறவு போடு. உங்கப்பா கொண்டாந்தது. இங்கனயே கெடக்கட்டும். நீ ரயிலுக்குக் கெளம்பு ராசா, நடுரோட்டுல பொண்டாட்டியோட நிக்கவா போற?"

சாயங்கால ரயிலில் ஏற்றிவிட்டு வந்தேன். அம்மா நாற்காலியில்.

"கட்டிலுக்கு அடியில கெடக்கத எப்ப மாட்டுவ?"

குடையை மடக்கிச் சுவரில் சாத்தினேன்.

"நாளைக்கே மாட்டு. சனிக்கிழமையானா ஆலந்தலைக்குப் போவல்லா, இனிமே நானும் வாரேன். இந்த வீட்டுக்குள்ள ஒத்தையில கெடந்து எனக்கும் மூச்சு முட்டுதுளா."

"எல்லாச் சனிக்கிழமையுமா?"

"பின்ன?"

சரிம்மா என்றேன். முன் சீட்டா, பின் சீட்டா என்று கேட்டேன். முன் சீட்டாம்.