பாரிசிலிருந்து வந்த கடிதம்

ஒக்ரோபர் 6, திங்கள்

காலை மழை, பிறகு வெயில். ட்ரைவ்வே முழுக்க இலை. கூட்டவில்லை, முழங்கால் நோவு.

ஊர்ச்சங்க மலரில் நான் எழுதும் பழைய சண்டைக் கட்டுரைக்கு இந்த முறை செடான். 1870, பிரான்சும் புருசியாவும். ஆசிரியர் எண்ணூறு சொல் கேட்டார், வெள்ளிக்குள். வழக்கம்போல நான் கையால் எழுத, தங்கச்சி வசந்தி ரைப் பண்ணித் தருவாள். என் கோழிக் கிறுக்கல் அவளுக்கு மட்டும்தான் விளங்கும்.

செய்ய: பிறெஷர் மருந்து. காருக்கு விண்டர் ரயர். வசந்திக்குக் கருவாடு.

ஒக். 8, புதன்

வேலை முடிந்து மூன்று மணிக்கே வீடு. நூலகப் புத்தகத்தில் அறுபது பக்கம்.

எழுதிய வரை: ஆற்றோரம் சின்ன நகரம், சுற்றிவர மேடு. விடியவே பிரான்சின் பெரிய தளபதிக்கு ஷெல் காயம். இரண்டாமவர் பொறுப்பெடுத்து, எதிரி வளைக்கிறான், மேற்கே வழி இருக்கும்போதே போவோம் என்கிறார். படை நகரத் தொடங்கிவிட்டது. அப்போது மூன்றாமவர் ஒரு கடிதத்தை வெளியே எடுக்கிறார். பாரிசில் மந்திரி கொடுத்தது: தளபதிக்கு ஏதும் நடந்தால் பொறுப்பு இவருக்கு. பின்வாங்கல் ரத்து. மத்தியானத்துக்குள் வழி அடைபட்டது. பின்னேரம் வெள்ளைக் கொடி.

பின்வாங்கினால் பாரிசில் சனம் கொதிக்கும் என்று மந்திரிக்குப் பயம். அவருடைய மேசையில் ஷெல் விழவில்லை.

இந்த இடத்தில் பேனையை வைத்துவிட்டேன். தேத்தண்ணி. திரும்ப வந்து உட்கார்ந்தும் ஓடவில்லை.

எங்கும் எழுதாததை இங்கே எழுதிவிடுகிறேன். 2009 சித்திரை. வசந்தியும் அவள் புருசன் ரவி மச்சானும் வன்னியில், கடைசிச் சண்டைக்குள் அகப்பட்டு, கடற்கரைத் துண்டுக்குள். சற்றலைட் போனில் இரண்டு நிமிடம் கிடைத்து வசந்தி எடுத்தாள். அன்றிரவே தண்ணியைக் கடந்து ஆமிப் பக்கம் போவதா, நிற்பதா என்று கேட்டாள். நில்லுங்கள் என்றேன். சனத்தை ஏற்ற வெளிநாட்டுக் கப்பல் வருகிறது, நிச்சயமான தகவல் என்றேன்.

தகவல் ஒன்றும் இல்லை. எவரும் எனக்குச் சொல்லவில்லை. சண்டையை நிறுத்தச் சொல்லி நாங்கள் இங்கே, வெளிநாட்டில், கொடியோடு றோட்டில் நின்ற நாட்கள். இத்தனை பேர் நின்றால் கப்பல் வந்துதானே ஆகவேண்டும் என்று இருந்தது எனக்கு. ஒன்பதாம் நாள் ரவி மச்சான் ஷெல்லில் போனார். அண்ணையை யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் வசந்தி இன்றைக்கும் நம்புகிறாள். நானும் நம்பட்டும் என்று விட்டுவிட்டேன். பதினாறு வருடம்.

ஒக். 10, வெள்ளி

குளிர். ரயர் மாற்ற இரண்டு மணி நேரம் காத்திருப்பு.

அங்கேயே இருந்து கடிதம் இல்லாமல் ஒரு பிரதி எழுதினேன். தளபதிக்குக் காயம், குழப்பம், தோல்வி. வாசிக்க நன்றாகவே இருந்தது. அதுதான் வெட்கம். கிழித்தேன். ஆசிரியரிடம் திங்கள் வரை தவணை வாங்கினேன்.

கடிதம் உள்ள பிரதியைக் கருவாட்டோடு வோபர்னில் வசந்தி வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வசந்தி வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டு நின்றாள். எந்தச் சண்டை என்று கேட்டாள். பழசு, பிரான்ஸ்காரருடையது என்றேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். லிஃப்ற் வரும்வரை நிற்காமல் படியால் இறங்கினேன், இந்த முழங்காலோடு.

ஒக். 12, ஞாயிறு

நல்ல வெயில். நாளை தாங்ஸ்கிவிங், றோட்டில் வாகனம் குறைவு. மத்தியானம் வசந்தி வீட்டில் புட்டும் மீன்குழம்பும். நான் சாப்பிட, அவள் பக்கத்தில் லாப்டொப்பில் ரைப் பண்ணினாள். விளங்காத சொல்லைக் கேட்டுக்கேட்டு அடித்தாள். பிரெஞ்சுப் பெயர்களைச் சொல்லிப் பார்த்துச் சிரித்தாள்.

கடிதம் வந்த பத்தி. ஒருமுறை வாசித்தாள், இன்னொருமுறை வாசித்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"அண்டைக்கு இரவே வெளிக்கிடுவம் எண்டு அவர் சாமானெல்லாம் கட்டிப்போட்டார். நான்தான் மறிச்சனான். அண்ணை நிச்சயம் இல்லாமல் ஒண்டும் சொல்லமாட்டார் எண்டு சண்டை பிடிச்சு மறிச்சனான். அவரைச் சாகக் குடுத்தது நான்தான், அண்ணை."

இத்தனை வருடமும் இதை அவள் தன் தலையில் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். என் பொய்யை. எனக்குத் தெரியவே தெரியாது. கை கழுவப் போனேன். கழுவிவிட்டு வந்து நின்றபடியே சொன்னேன்.

"கப்பல் வருகுது எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை, வசந்தி. நானாத்தான் சொன்னனான்."

ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசியிருக்கலாம். லாப்டொப்பை மூடினாள். பிறகு குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"அப்ப ஏன் வியாழக்கிழமை எண்டு கிழமையும் சொன்னனீங்கள்? நாங்கள் விடிய மூண்டு மணிக்கே கரையில போய் நிண்டனாங்கள்."

கிழமை சொன்னது எனக்கு ஞாபகமே இல்லை.