மஞ்சள் வாத்துக்கு முன்னால்

ஒக்கலிபுரம், பெங்களூர்
நவம்பர் 2006

அன்புள்ள மௌரீன் அண்ணிக்கு,

ரயான் எழுதுவது. மஸ்கட்டில் ஆஸ்பத்திரி வேலை ஒழுங்காகப் போகிறதா? நேரத்துக்குச் சாப்பிடுங்கள். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. போனில் பேசினால் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்பாள், அதனால்தான் கடிதம்.

கம்பெனி வண்டி கவிழ்ந்து அண்ணன் செத்து வருஷம் ஆகப் போகிறது. அவன் தன் ஆளே இல்லை என்றது கம்பெனி. கான்ட்ராக்டர் வண்டிக்காரனைக் கை காட்டினான். தூங்க விடாமல் ஓட்டவைத்த டிரைவரும் செத்துப்போனதால் பழி போட அவர்களுக்கு வசதியாக ஓர் ஆள் கிடைத்தது. மலர்வளையத்தைக்கூட கூரியரில்தான் அனுப்பினார்கள்.

மிஞ்சியது எஸ்.பி. ரோட்டில் அவன் வாங்கிய மட்டமான லேப்டாப். பாஸ்வேர்ட் உங்களுக்கும் தெரியாது. ஆனாலும் தினமும் சாயங்காலம் அம்மா அதை ஆன் செய்வாள். சிரில் என்று அவன் பெயரும் பக்கத்தில் ஒரு மஞ்சள் வாத்துப் படமும் வரும். கம்ப்யூட்டரோடு வந்த பொம்மை வாத்து. அதன் முன்னால் முட்டி போட்டு ஜெபமாலை சொல்வாள். முடிந்ததும் பொத்தானை அணையும்வரை அழுத்திப் பிடித்து, “தூங்குடா ராஜா” என்பாள்.

எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு வேலைக்குக் கூப்பிட்டார்கள். லினக்ஸ் தெரிய வேண்டுமாம். இலவச சிடி தபாலில் வந்தது. அதைப் போட நண்பன் ஷ்ரேயாஸ் வந்தான். அந்த சிடி வழியாகப் போனால் பாஸ்வேர்ட் தேவையில்லை; முதல் வேலையாக உங்கள் கல்யாணப் படங்களை அவனுடைய பென் டிரைவில் எடுத்து வைத்தோம்.

“அவனை அழிக்கப் போறியாடா?” என்றாள் அம்மா.

“இல்லம்மா, அவன் பக்கத்துலயே எனக்கும் ஒரு இடம் போட்டுக்கறேன்.”

“அண்ணன் தம்பி ஒரே ரூம்ல இருக்கற மாதிரி ஆன்ட்டி. வாடகைகூட கிடையாது” என்றான் ஷ்ரேயாஸ். அம்மா சிரித்தாள். அண்ணன் போனபிறகு அன்றைக்குத்தான் சிரித்தாள்.

லினக்ஸுக்கு இடம் விட லேப்டாப்பில் அண்ணனுடைய பகுதியைச் சுருக்கும் வேலை ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் அணைத்தால் எல்லாம் போய்விடும். நாங்கள் முனைக்கு டீ குடிக்கப் போனோம். திரும்பி வந்தால் அம்மா முட்டி போட்டிருக்கிறாள், திரை கறுப்பாக இருக்கிறது.

“வேற யாரோ மாதிரி தெரிஞ்சுதுடா. அணைச்சுட்டு மறுபடி போட்டா அவன் வந்துடுவான்னு பார்த்தேன்.”

வரவில்லை. ஷ்ரேயாஸ் என்னென்னவோ செய்து பார்த்தான். “ஹோய்த்து குரு” என்று காதருகே சொன்னான், போய்விட்டதென்று. அம்மா எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“நீ அணைக்கறதுக்கு முன்னாடியே நான் அழிச்சுட்டேன்மா. இடம் பத்தலை” என்றேன். அறைந்தாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

இப்போது முழுக்க லினக்ஸ்தான். சாயங்காலமானால் அம்மா இன்னும் ஆன் செய்கிறாள். பழுப்புத் திரையில் பெயர் கேட்டு ஒரு காலிக் கட்டம் வருகிறது. நேற்று அதில் ஒற்றை விரலால் சிரில் என்று அடித்துக்கொண்டிருந்தாள். தப்பு என்று அது திருப்பித் திருப்பிச் சொன்னது. அவள் திருப்பித் திருப்பி அடித்தாள்.

வேலை கிடைத்துவிட்டது அண்ணி. அதே ரோடு, அதே மாதிரி கம்பெனி வண்டி. அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போன் செய்யும்போது அழுவாள். அவள் அணைத்ததால்தான் எல்லாம் போனது என்று உங்களுக்குத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளாதீர்கள். அவளோடு சேர்ந்து என்னைத் திட்டுங்கள். அவள் மனம் ஆறும்வரை திட்டுங்கள்.

ஆண்டவர் உங்களை அங்கே பத்திரமாக வைத்திருக்கட்டும்.

உங்கள் கொழுந்தன்
ரயான்