கோமுகி டாக்கீஸின் பகல் காட்சி

சென்னை
4 பிப்ரவரி 2024

அன்பு மணிமொழி,

போனில் பேசினால் இருவருமே கத்துகிறோம். அதனால் எழுதுகிறேன். டாக்கீஸை இடித்து மண்டபம் கட்ட ஒருவர் தயாராக இருக்கிறார். அம்மா அதை மருமகளான உன் பெயருக்கு எழுதி வைத்ததில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்தக் கொட்டகைதான் அப்பாவைத் தின்றது. ஆளே வராத கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தபோதுதான் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. உனக்கும் அப்படி ஆவதை என்னால் பார்க்க முடியாது. இடிக்கச் சம்மதித்தால் வருகிறேன். இல்லையென்றால் அந்த ஊர்ப்பக்கமே வரமாட்டேன்.

அம்மாவுக்கு மாத்திரையை மறக்காதே.

தீனதயாளன்


கள்ளக்குறிச்சி
11 பிப்ரவரி 2024

அன்புள்ள உங்களுக்கு,

அத்தையும் நானும் நலம். ஓட்டல் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

மாமா போன விதம் எனக்கும் மறக்காது. ஆனால் அவரைக் கொன்றது கொட்டகை இல்லை, காலியாகிப்போன தெரு. முன்பு இது மாட்டுவண்டிப் பேட்டை. கல்வராயன் மலையிலிருந்து புளியும் கடுக்காயும் இறங்கும். வந்தவர்கள் இரவு தங்கினார்கள். அவர்களை நம்பித்தான் உங்கள் தாத்தா கொட்டகை போட்டார். அதை நம்பி சோடாக்கடையும் தையற்கடையும் லாட்ஜும் வந்தன. பிறகு பஸ் வந்தது. யாரும் தங்குவதில்லை. நாம் மட்டும், மாமா போய் கொட்டகையை மூடும்வரை, அதே ராத்திரிக் காட்சியை ஓட்டிக்கொண்டிருந்தோம்.

நேற்று சாமான் வாங்க வந்த வெள்ளிமலை பூமாலை அக்காவிடம், "ஏங்க்கா படத்துக்கு வர்றத வுட்டுட்டீங்க?" என்று கேட்டேன்.

"படம் முடியறதுக்குள்ள கடைசி பஸ்ஸு பூடுது. மலைக்கு நடந்தா போறது? பகல்ல போடு, வூட்டோட வர்றோம்" என்றார்.

பகலில் போடப்போகிறேன். கூரையைச் சரிசெய்ய ஆள் சொல்லிவிட்டேன். இடிக்க மாட்டேன். வருவது உங்கள் விருப்பம்.

மணிமொழி


சென்னை
22 செப்டம்பர் 2024

அன்பு மணி,

டாக்கீஸை நீ மறுபடி திறந்த நாளில் நான் வந்திருந்தேன். உன்னிடம் சொல்லாமல் பால்கனியின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கீழே ஒரு இருக்கை காலியில்லை. அப்பா தனியாக இருந்த அதே கூடத்தில் பிள்ளைகள் விசிலடித்தார்கள். பக்கத்திலிருந்த பெரியவர், "இன்னா தம்பி, சிரிப்புப் படத்துக்குப் போயி அழுதுகினு கீற?" என்றார்.

இடைவேளையில் நீ வரிசையை ஒழுங்குபடுத்தி அதட்டிக்கொண்டிருந்தாய். உன் எதிரில் வர வெட்கமாக இருந்தது. படம் முடிந்து மலை பஸ்ஸுக்கு ஓடிய கூட்டத்தோடு நானும் வெளியேறிவிட்டேன்.

வேலையை விட்டுவிட்டு வருகிறேன். டாக்கீஸை இனி நான் பார்த்துக்கொள்கிறேன். நீ பட்ட பாடு போதும், ஓய்வெடு.

தீனா


கள்ளக்குறிச்சி
29 செப்டம்பர் 2024

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதத்தை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். "பெத்தவ கண்ணுல கூடப் படாம பூட்டானா? வரட்டும்" என்கிறார். எனக்கும் கோபம்தான். நீங்கள் அழுதீர்கள் என்ற இடத்தில் கொஞ்சம் குறைந்தது.

எனக்கு ஓய்வு வேண்டாம். மெஷின் ரூமைச் செபாஸ்தியான் அண்ணன் பார்க்கிறார், மற்றதை நான் பார்க்கிறேன். நன்றாகவே பார்க்கிறேன். பூட்டிக் கிடந்த எதிர் சோடாக்கடைக்கு இப்போது வெள்ளையடிக்கிறார்கள். இந்தத் தெருவில் எனக்கு இன்னும் வேலை இருக்கிறது. அதை யாரிடமும் கொடுக்கப்போவதில்லை.

நீங்கள் வேலையை விட வேண்டாம். சனிக்கிழமை வாருங்கள், வீட்டுக்கு வாருங்கள். ஞாயிறு கூட்டத்தை அனுப்பிவிட்டு நான் வரத் தாமதமாகும். அதற்குள் மீன் வாங்கி, குழம்பை நீங்களே வைத்துவிடுங்கள்.

உங்கள்
மணி